வைக்கோல் பரணும் பீலிக்கரையும்: அடைபட்ட சபைகளின் பெண்கள் பற்றிய கதைகள்

தேன்மலை வாசகி (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஏழு பெண்கள். இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு டியூஷன் வகுப்பின் மேல்மாடியில், பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் கூடுவோம். மூன்று போயாவாக ஒரே நாவலை வாசித்தோம்: கனடா எழுத்தாளர் மிரியம் டேவ்ஸின் 'விமன் டாக்கிங்'. 2018இல் வந்தது. ஆங்கிலம் எனக்கும் இன்னொருவருக்கும்தான் சரளமாக வரும். அதனால் நான் ஒரு பக்கம் வாசிப்பேன், தமிழில் சொல்வேன், அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்வேன், அப்புறம் அடுத்த பக்கம். எங்களில் மூத்தவர் நாற்பது வருடம் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். எழுத்துக்கூட்டவும் தெரியாது. பெரியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

கதை இதுதான். வெளியுலகத்தோடு ஒட்டாமல் வாழும் ஒரு மெனோனைட் கிறிஸ்தவக் குடியிருப்பு. இரவில் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் மயக்க மருந்து அடித்து, அந்தக் குடியிருப்பின் ஆண்களே பலாத்காரம் செய்கிறார்கள். காலையில் உடம்பில் வலியும் இரத்தமும் இருக்கும், நினைவு இருக்காது. பேய் வேலை என்றும், பாவத்துக்குத் தண்டனை என்றும், பெண்களின் கற்பனை என்றும் மூப்பர்கள் சொல்கிறார்கள். கடைசியில் சிலர் பிடிபட்டு நகரத்துச் சிறைக்குப் போகிறார்கள். மற்ற ஆண்கள் அவர்களைப் பிணையில் எடுக்கப் போயிருக்கும் இரண்டு நாளுக்குள், எட்டுப் பெண்கள் வைக்கோல் பரணில் ஏறி உட்கார்ந்து பேசுகிறார்கள். சும்மா இருப்பதா, இருந்து சண்டை போடுவதா, போய்விடுவதா?

அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் மூன்று வழிகளையும் படமாக வரைந்துதான் முடிவு கேட்கிறார்கள். சும்மா இருப்பதற்கு வெறும் அடிவானம். சண்டைக்குக் கத்தியோடு மோதும் இரண்டு பேர். போவதற்கு ஒரு குதிரையின் பின்புறம். அந்த இடத்தைச் சொன்னபோது பெரியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். சங்கத் தேர்தலில் படம் பார்த்துப் புள்ளடி போட்டவர் அவர்.

ஆனால் முடிவில் பெண்கள் வண்டி கட்டிக்கொண்டு புறப்படுகிற இடத்தில் எங்கள் வட்டம் இரண்டாகப் பிரிந்தது. "அவங்களுக்குக் குதிர இருந்துச்சு, வண்டி இருந்துச்சு. நமக்கு என்னா இருக்கு? காம்பரா தோட்டத்தோடது. பேரு தோட்டத்துல. பிள்ளைங்க பள்ளிக்கூடம் தோட்டத்துல. எங்க போறது?" என்று பெரியக்கா கேட்டார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

நான் ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு தோட்டம், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி இரண்டு காம்பராவை (அறைகளை) ஒன்றாக்கிய ஒரு ஜெப வீடு, அதை நடத்துகிற ஒருவர், அவரால் கெடுக்கப்பட்ட பிள்ளைகள், அதைத் தெரிந்துகொள்ளும் தாய்மார். நான்காவது அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். இந்தப் பெண்கள் எங்கே கூடுவார்கள், எப்படி எதிர்ப்பார்கள் என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கவ்வாத்துக்கத்தி

நல்ல இழை அக்கா. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அது உங்கள் முடிவுக்கு உதவும்.

நாவலுக்குப் பின்னால் உண்மைச் சம்பவம் இருக்கிறது. பொலிவியாவில் மனிடோபா என்ற மெனோனைட் குடியிருப்பு. 2005 முதல் 2009 வரை நடந்தது. மாடுகளை மயக்குவதற்கான மருந்திலிருந்து செய்த திரவத்தை ஜன்னல் வழியாக அடித்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் நூறுக்கும் மேல், சின்னப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். 2011இல் ஏழு பேருக்கு 25 வருடச் சிறை, மருந்து கொடுத்த கால்நடை வைத்தியருக்கு அதைவிடக் குறைவு. ஆனால் அங்கே பெண்கள் கூட்டமாக வெளியேறவில்லை. பெரும்பாலானோர் அதே வீட்டில், அதே தேவாலயத்தில்தான் தொடர்ந்து இருந்தார்கள். வெளியேற்றம் நாவலாசிரியர் தந்தது. அவரும் மெனோனைட் ஊரில் பிறந்து வளர்ந்தவர். மூப்பர்கள் "பெண்களின் கற்பனை" என்று தூக்கிப்போட்ட சொல்லையே எடுத்து, சரி, இதோ பெண்களின் கற்பனை என்று எழுதியிருக்கிறார்.

ஆகவே வண்டி கட்டிப் போகாவிட்டால் உங்கள் கதை தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவர் எழுதியது அந்த ஊரின் கற்பனை. பூட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கற்பனை வேலை செய்யும். அங்கே பூட்டு மொழியில் இருந்தது. ஆண்களுக்கு ஸ்பானிஷ் தெரியும், பெண்களுக்கு வீட்டு ஜெர்மன் மட்டும்தான். வரைபடத்தைக்கூடப் பார்த்ததில்லை. எங்கள் அம்மாமார் அப்படி இல்லை. குவைத்துக்குப் போய் வந்தவர்கள் எத்தனை பேர்! உலகம் தெரியும், பஸ் தெரியும். அப்படியும் சொந்தத் தோட்டத்தில் வாய் திறக்க முடியாமல் இருக்கிறார்கள் என்றால் பூட்டு வேறு இடத்தில் இருக்கிறது. 1992இல் தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போன பிறகும் காம்பரா நம்முடையது ஆகவில்லை. வீடு, வேலை, சாமி மூன்றும் ஒரே முடிச்சில் கிடக்கிறது. பெரியக்கா அதைத்தான் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார்.

ஜெபமாலை

மன்னிக்க வேண்டும், எனக்கு மனது கஷ்டமாக இருக்கிறது. ஏன் ஜெப வீடு? நான் அப்படி ஒரு சின்னச் சபையில் வளர்ந்தவள். என் அப்பா குடித்துவிட்டு வந்து அடிக்கும்போது அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய இடம் அதுதான். இரவு ஒரு மணிக்கு யாருக்காவது வலிப்பு வந்தால் போதகர்தான் லொறி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார். கோயிலும் சங்கமும் திரும்பிப் பார்க்காத குடும்பங்களை அவர்கள் பார்த்தார்கள். சின்னச் சபைகளுக்குக் கல்லடியும் விழுந்திருக்கிறது, ஜெபக்கூட்டத்தைக் கூட்டமாக வந்து நிறுத்தியும் இருக்கிறார்கள். நீங்கள் எழுதுவதை அவர்கள் கையில் எடுத்தால் அடி விழுவது உங்கள் கதையில் வரும் ஆளுக்கு அல்ல, என் அம்மாவுக்கு.

தேன்மலை வாசகி

ஜெபமாலை அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் வட்டத்திலும் இரண்டு பேர் அப்படிப்பட்ட சபைக்குப் போகிறவர்கள். ஒருவர் உங்கள் அம்மா மாதிரியே அடிக்குப் பயந்து ஓடிப் போய்ச் சேர்ந்தவர். நான் ஜெப வீட்டை எடுத்தது இதனால்தான். ஒரு தாய் எந்த இடத்தை நம்பிப் பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போகிறாளோ அங்கே நடந்தால்தான் அவளால் வெளியே சொல்ல முடியாமல் போகிறது. நல்லது செய்த கை என்பதால் அந்தக் கையைப் பற்றி யாரிடமும் சொல்ல நா எழாது. வலிப்புக்கு லொறி பிடித்த ஆளையும் அதே மனிதனாகவே எழுதப் பார்க்கிறேன். வெறும் வில்லனாக எழுத எனக்கு மனமில்லை.

லிந்துலை அம்மாயி

நான் சொல்லச் சொல்லப் பேத்தி தட்டச்சு செய்கிறாள். எழுபது தாண்டிவிட்டது.

டீச்சர் பிள்ளை, எங்கே கூடுவார்கள் என்று கேட்டீர்களே. பீலியில் கூடுவோம். வேறு எங்கே? லயத்துக்குக் கீழே தண்ணீர் பிடிக்கவும் துவைக்கவும் மூங்கில் பீலி, பிறகு இரும்புக் குழாய். வேலை விட்டு வந்து, கூடையை வாசல் இஸ்தோப்பில் கவிழ்த்துவிட்டு, அட்டை கடித்த காலுக்குச் சுண்ணாம்பு வைத்துக்கொண்டே இறங்குவோம். அங்கே ஆம்பிளைகள் வர மாட்டார்கள். தண்ணீர் சத்தத்தில் நாம் பேசுவது மேலே கேட்காது.

பஞ்சம் வந்த காலம், எழுபத்துநாலு. மாவுக்கும் மரவள்ளிக்கும் அலைந்தோம். அது முடிந்த அடுத்த வருடம். எங்கள் தோட்டத்துக் கோயிலில் ஒருவர் அருள் வந்து குறி சொல்வார். வயசுக்கு வந்த பிள்ளைகளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, வெள்ளிக்கிழமை ராத்திரி கோயிலுக்குப் பின்னால் இருக்கிற அறைக்குத் தனியே கூட்டிப் போவார். தாய் வெளியே நிற்க வேண்டும். பேய் தாய் மேல் பாயும் என்பார். நாங்களும் நின்றோம். அதை இப்போது சொல்லவும் வயிறு எரிகிறது.

ஒரு நாள் பீலியில் ஒரு பிள்ளை பாவாடை துவைத்தது. துவைத்ததையே திரும்பத் திரும்பத் துவைத்தது. சவர்க்காரத் துண்டு கரைந்து விரலளவு ஆகிவிட்டது, அப்படியும் விடவில்லை. அதன் சித்தி வந்து கையைப் பிடித்தாள். "போதும் தங்கம், வெளுத்துப் போச்சு." அந்தப் பிள்ளை "வெளுக்கல சித்தி" என்றது. அவ்வளவுதான். நாங்கள் பதினோரு பேர் நின்றோம். பதினோரு பேருக்கும் விளங்கிவிட்டது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அந்த அறைக்குப் போய் வந்தவைதான்.

பொலிசுக்குப் போகவில்லை. அப்போது எங்களில் பாதிப் பேருக்குக் குடியுரிமை இல்லை, நாடே இல்லை. யாரிடம் போவது? அடுத்த மாதம் மாரியம்மன் திருவிழா. எந்தப் பெண்ணும் மாவிளக்கு எடுக்கவில்லை. எந்தப் பெண்ணும் பால்குடம் தூக்கவில்லை. கரகம் இறங்கி வரும்போது பாதையின் இரண்டு பக்கமும் குலவை போடுகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு நின்றோம். தப்பு மேளச் சத்தம் மட்டும்தான் கேட்டது. என் வீட்டுக்காரர் ராத்திரி வந்து அடித்தார். பலருக்கு அடி விழுந்தது. ஆனால் அடுத்த நாள் தோட்டத் தலைவர் வந்து என்ன விஷயம் என்று கேட்க வேண்டி வந்தது.

அந்த ஆளை அனுப்பிவிட்டார்கள். மரியாதையாகத்தான் அனுப்பினார்கள், மேளம் இல்லாத குறைதான். அவர் வேறு தோட்டத்துக்குப் போனார். அங்கேயும் பிள்ளைகள் இருந்தன.

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் தோட்டத்தை விட்டுப் போனால் போதும் என்று நினைத்தோம். டீச்சர் கதையில் அதை எழுத வேண்டும்.

பசறைக்காரி

அம்மாயி, கும்பிடுகிறேன்.

நான் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இன்றைய கதை என்றால் பொலிஸ் வராமல் எழுத முடியாது. ஆகவே நான் பார்த்த ஒரு காட்சியைச் சொல்கிறேன், நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

தாய் தமிழில் சொல்கிறாள். எதிரே இருப்பவர் சிங்களத்தில் எழுதுகிறார். நடுவில் மொழிபெயர்க்க ஒருவர். பல நேரம் அவர் தோட்டத்தைச் சேர்ந்த ஆண்தான், குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரிந்தவர்தான். தாய் கால் மணி நேரம் பேசுகிறாள், தாளில் நாலு வரி விழுகிறது. கடைசியில், வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது, சரியென ஏற்றுக்கொண்டேன் என்ற பொருளில் ஒரு வரி. அதன் கீழே அவள் கையெழுத்து, அல்லது பெருவிரல். தான் எதைச் சரியென்று சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு நீதிமன்றத்தில் அந்த நாலு வரிக்கு வெளியே ஒரு வார்த்தை சொன்னாலும், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள்.

பொலிவியா நாவலில் பெண்கள் பேசுவதை ஓர் ஆண் எழுதுகிறார், எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால். அவர் நல்லவர், அந்தப் பெண்கள் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறார். நம் பெண்களுக்கு எழுதுகிற ஆள் அப்படி அமைவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோது சம்மத வயது 16 ஆனது, பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் தனிக் குற்றமானது. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கான சட்டம் 1998இல் வந்தது. பிள்ளைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938, இரண்டு இலக்கத்துக்கும் தொலைபேசியில் அழைக்கலாம். தமிழில் வாக்குமூலம் கொடுப்பது நமது உரிமை, கேட்க வேண்டும். கதையில் யாராவது ஒரு பெண் அந்த மேசைக்கு முன்னால் நின்று, "நான் சொன்ன பாஷையில எழுதுங்க" என்று சொல்லட்டும். நான் அதை நேரில் ஒரே ஒரு தரம் கேட்டிருக்கிறேன். சொன்னவளுக்கு இருபத்துநாலு வயது, சாதாரண தரம் வரைக்கும்தான் படிப்பு. நாலு மணி நேரம் காக்க வைத்தார்கள், நின்றாள். எழுதினார்கள்.

மட்டுறுத்துநர்

தயவுசெய்து யாரும் தோட்டத்தின் பெயர், சபையின் பெயர், ஆட்களின் பெயர் எழுத வேண்டாம். இரண்டு பதில்களை நீக்கியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் இன்னும் அதே ஊரில் இருக்கிறார்கள்.

கூத்துக்கூடாரம்

வடிவம் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் காமன் கூத்தில் மன்மதன் எரிந்த பிறகு ரதி புலம்புவாள். அந்தப் புலம்பலைக் கேட்டு லயமே அழும். ஆனால் ரதி வேஷம் கட்டியிருப்பவர் ஓர் ஆண். நானே மூன்று வருடம் கட்டியிருக்கிறேன். பெண்ணின் துக்கத்தை நான் பாடினேன், அம்மாவும் அத்தையும் கேட்டு அழுதார்கள். அவர்கள் சொந்தத் துக்கத்தைப் பாட ஒரு களம் இருக்கவில்லை என்று இந்த இழையை வாசிக்கும்போதுதான் உறைக்கிறது.

வைக்கோல் பரண் நாவலில் பேச்சுதான் எல்லாம். அங்கே முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுகிறார்கள், பெரிய பிள்ளைகள் ஒருவர் தலைமுடியோடு மற்றவர் தலைமுடியைச் சேர்த்துப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஒட்டாது. நம் பெண்கள் அதிகம் பேசுவது நிரையில், கொழுந்து பறிக்கிற தேயிலை வரிசையில். முன்னால் பார்த்துக்கொண்டே, கை கொழுந்தில் இருக்க, பக்கத்து நிரைக்காரியோடு பேசுவார்கள். முகம் பார்ப்பதே இல்லை. கங்காணி கிட்டே வந்தால் பேச்சு சட்டென்று மாறும், குழம்புக்கும் புளிக்கும் போய்விடும். அவர் தள்ளிப்போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முகம் பார்க்காமல் பேசுவதால்தான் சொல்ல முடியாததைச் சொல்கிறார்கள். உங்கள் நான்காவது அத்தியாயம் ஒரு முழு நாள் பறிப்பாக இருக்கலாம். காலைக் கொழுந்தில் ஒருத்தி ஆரம்பித்ததை, அந்திக் கொழுந்து நிறுக்கும்போது கடைசி நிரைக்காரி தெரிந்துகொள்ளட்டும்.

ஜெபமாலை

திரும்பி வந்திருக்கிறேன். அம்மாயி எழுதியது என்னைத் தூங்க விடவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் பெண்களை விசுவாசம் இழந்தவர்களாக எழுதிவிடாதீர்கள். துணிந்தவள் என்றால் சாமியை விட்டவள் என்று கதைகளில் சுலபமாக எழுதிவிடுகிறார்கள். அந்த மெனோனைட் பெண்கள் அப்படி இல்லை என்று கேள்விப்பட்டு நாவலைத் தேடி வாசிக்க ஆரம்பித்திருக்கிறேன். மன்னிக்காவிட்டால் பரலோகம் இல்லை என்று மூப்பர்கள் சொல்ல, பயமுறுத்தி வாங்குகிற மன்னிப்பு மன்னிப்பா என்று அந்தப் பெண்கள் வேதத்தை வைத்தே வாதாடுகிறார்கள். வாசிக்கவே தெரியாதவர்கள்!

எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் சபையில் ஒரு சமயம் ஒரு பிள்ளையின் விஷயம் எழுந்தபோது, ஏழெழுபது தரம் மன்னிக்க வேண்டும் என்ற வசனத்தை மூன்று ஞாயிறு பிரசங்கித்தார்கள். மத்தேயு 18ஆம் அதிகாரம், 22ஆம் வசனம். அதே அதிகாரத்தில் 6ஆம் வசனம் இருக்கிறது. சிறியவர்களில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனின் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்று இயேசு சொன்ன இடம். ஒரு பக்கம்கூடத் திருப்ப வேண்டாம், அதே தாளில் இருக்கிறது. அதை யாரும் வாசிக்கவில்லை. எனக்குத் தெரியும், நானும் எழுந்து வாசிக்கவில்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பைபிள் மடியில் திறந்தபடி இருந்தது.

டீச்சர், உங்கள் கதையில் யாராவது ஒருத்தி எழுந்து 6ஆம் வசனத்தை வாசிக்கட்டும்.

கவ்வாத்துக்கத்தி

ஜெபமாலை அக்கா, அந்த 22க்கும் 6க்கும் இடையில்தான் முழு நாவலும் இருக்கிறது. தமிழில் பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்ததையும் இங்கே சேர்க்கலாம். கன்னியர் மடத்திலிருந்து வெளியேறியவர் எழுதிய தன்கதை. அங்கே பிரச்சினை சாதி. வெளியே வந்த பிறகு கையில் வேலை இல்லை, எங்கே போவதென்று தெரியவில்லை என்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். வெளியேறினால் விடுதலை என்று அவர் இலேசாக முடிக்கவில்லை.

தேன்மலை வாசகி

நேற்றுப் போயா. இந்த இழையை அச்சடித்துக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். அம்மாயியின் பகுதியை வாசிக்கும்போது யாரும் அசையவில்லை. கீழே கடைத்தெருவில் பால் வண்டியின் ஹோர்ன் மட்டும் கேட்டது.

பெரியக்கா கேட்டார்: "உங்க கதையில அந்த ஜெப வீட்ட யாரு கூட்டுறா?"

நான் யோசித்ததில்லை என்றேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "எந்தக் கோயிலா இருந்தாலும் கூட்டுறவ ஒருத்தி இருப்பா டீச்சர். வெள்ளன அஞ்சு மணிக்கு, வேலைக்குப் பேர் கூப்புடுற பெரட்டுக்கு முன்னாடி கூட்டுவா. பாய் உதறுவா. எந்தப் பாய் எந்த மூலையில கெடந்துச்சுன்னு அவளுக்குத் தெரியும். மொதல்ல தெரிஞ்சுக்கிறது அவதான். சாவியும் அவகிட்டதான் இருக்கும்."

அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அவ பூட்டட்டும். தொறக்க மாட்டேன்னு சொல்லட்டும். தொரை வந்தாலும், தலைவர் வந்தாலும், அந்த ஆளே வந்தாலும். சாவி வேணும்னா எல்லாப் பொம்பளையும் நிக்கிற எடத்துல, என்ன நடந்துச்சுன்னு சொல்லிட்டு வாங்கிக்கட்டும்."

போகவும் இல்லை, சும்மா இருக்கவும் இல்லை. லயத்திலேயே நின்று கதவைச் சாத்துகிறார்கள். நான் அன்றைக்கு இரவே நான்காவது அத்தியாயத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு நிரையிலிருந்து ஆரம்பித்தேன். கூட்டுகிறவள் முதல் நிரையில் நிற்கிறாள். வசனம் வாசிக்கிறவள் இருக்கிறாள். பொலிஸ் மேசைக்கு முன் நிற்கிறவளும் வருவாள். அந்த ஆள் அடுத்த தோட்டத்துக்குப் போகாமல் இருக்க, இந்தத் தோட்டத்துப் பெண்கள் அந்தத் தோட்டத்துப் பீலிக்கு நடந்து போய்ச் சொல்ல வேண்டும். அது ஆறாவது அத்தியாயம். அம்மாயிக்காக எழுதுகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். மலைக்குப் போகும்போது சாவியை எங்கே வைத்திருப்பாள்? கூடையிலா?

லிந்துலை அம்மாயி

கூடையில் வைத்தால் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கொழுந்தோடு கொட்டிப் போய்விடும் பிள்ளை. இடுப்பில் படங்கு கட்டுகிற கயிற்றில் முடிந்து, உள்பக்கம் சொருகிக்கொள்வாள். மழை பெய்தாலும் நனையாது. குனியும்போது வயிற்றில் குத்தும், அதனால் இருக்கிறது என்று தெரியும்.